மூன்று மார்க்கா, ஒன்பது மார்க்கா?

கேள்வி: எனக்கும் என் அண்ணனுக்கும் நான்கு வயது வித்தியாசம். சின்ன வயதிலிருந்து ஒன்றாக உட்கார்ந்து டி.வி. பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். இப்போது ஆளுக்கொரு ஊரில் வேலை. ஆனாலும் சனிக்கிழமை ராத்திரி போனில் பேசிக்கொண்டே ‘தி ஆஃபீஸ்’ அமெரிக்கத் தொடரை இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஓடவிட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு எபிசோடுக்கும் ஆளுக்கொரு மார்க் சொல்ல, நான் அதை ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். நூறு எபிசோடு தாண்டிவிட்டது. அண்ணன் காலேஜ் ஹாஸ்டலில் நண்பர்களோடு எல்லாவற்றையும் ஏற்கெனவே பார்த்தவன். எனக்கு இதுதான் முதல் முறை. ‘டின்னர் பார்ட்டி’ எபிசோடுக்கு நாங்கள் இருவருமே பத்துக்குப் பத்து கொடுத்தோம்.

போன மாதம் ‘ஸ்காட்ஸ் டாட்ஸ்’ எபிசோடு வந்தது. அன்று அண்ணனுக்கு வேலை முடியவில்லை, நீ பார்த்துவிடு என்றான். ஹெட்போன் மாட்டிக்கொண்டு தனியாகப் பார்த்தேன். வகுப்பறைக் காட்சிக்கு மேல் தாங்கவில்லை, நிறுத்திவிட்டேன். மூன்று மார்க் போட்டேன். (பாதியில் நிறுத்தியதை அண்ணனிடம் சொல்லவில்லை.) அவன் ஒன்பது என்றான். பேச்சு வளர்ந்து, “உனக்குக் காமெடியே புரியாது, உன்கூடப் பார்ப்பதே வேஸ்ட்” என்று சொல்லிவிட்டான். மூன்று சனிக்கிழமையாகப் பேச்சு இல்லை. போதாததற்கு, ஏழாவது சீசனில் நாயகன் மைக்கேல் போன பிறகு தொடரையே பார்க்கக் கூடாது என்றும் முன்பே சொல்லியிருக்கிறான். எனக்குக் கடைசிவரை பார்க்க ஆசை. எங்களில் யார் சொல்வது சரி? யார் முதலில் போன் செய்வது?

பதில்:

அன்புத் தோழிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை சண்டை மட்டும்தான் தெரிந்தது. இரண்டாம் முறை, அடைப்புக்குறிக்குள் நீங்கள் ஒளித்து வைத்திருக்கும் அந்த ஒரு வரி கண்ணில் பட்டது. அதற்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன்னால் அந்த எபிசோடைப் பற்றிப் பேசியாக வேண்டும். நீங்கள் இரண்டு பேர் மட்டும் இதற்காக முட்டிக்கொள்ளவில்லை. 2009 டிசம்பரில் அது ஒளிபரப்பான நாளிலிருந்து அந்தத் தொடரின் ரசிகர்கள் இரண்டு கட்சியாகத்தான் இருக்கிறார்கள்.

பார்க்காத வாசகர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். மைக்கேல் ஸ்காட் ஒரு காகித விற்பனைக் கம்பெனியின் கிளை மேனேஜர். பத்து வருஷத்துக்கு முன்னால், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு வாக்குக் கொடுத்தான்: நீங்கள் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டால் உங்கள் காலேஜ் செலவு முழுக்க என்னுடையது. அதற்குள் தான் பெரிய பணக்காரனாகியிருப்போம் என்று அவன் மனதார நம்பினான். ஆகவில்லை. பிள்ளைகள் படிப்பை முடிக்கிற நேரம் வந்துவிட்டது. பணம் இல்லை என்று சொல்வதற்காகத்தான் பள்ளிக்குப் போகிறான். போனால் அவர்கள் பாட்டும் ஆட்டமுமாக அவனுக்கு நன்றி விழா எடுக்கிறார்கள்.

நீங்கள் நிறுத்தியது இந்த இடத்தில்தான். நானும் முதல் முறை இங்கேதான் நிறுத்தினேன். எழுந்து அறைக்குள் இரண்டு சுற்று நடந்துவிட்டுத்தான் திரும்ப ஓடவிட முடிந்தது. உங்களுக்கு மூன்று மார்க் போடத் தோன்றியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

ஆனால் உங்கள் அண்ணன் சொன்ன ‘காமெடி புரியாது’ என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். என்னிடம் அதற்குச் சாட்சி இருக்கிறது, அதுவும் உங்கள் நோட்டிலேயே. ‘டின்னர் பார்ட்டி’க்குப் பத்து கொடுத்தவர் நீங்கள். 2008 ஏப்ரலில் வந்த அந்த எபிசோடும் பார்ப்பவரை நெளிய வைப்பதற்கென்றே எழுதப்பட்டது. விருந்துக்கு வந்தவர்கள் முன்னால் மைக்கேலும் அவன் காதலி ஜேனும் ஒருவரை ஒருவர் கிழித்துக்கொள்கிறார்கள். அவன் பெருமைப்பட்டுக்கொள்ளும் குட்டி டி.வி. உடைகிறது. வந்தவர்கள் வெளியேற வழி தேடித் தவிக்கிறார்கள். அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்த ஒருவருக்கு இந்த வகைக் காமெடி புரியாமல் இருக்க வழியே இல்லை. இன்னொன்றும் சொல்கிறேன். ‘டின்னர் பார்ட்டி’, ‘ஸ்காட்ஸ் டாட்ஸ்’ இரண்டையும் எழுதியவர்கள் ஒரே ஜோடிதான்: ஜீன் ஸ்டுப்னிட்ஸ்கி, லீ ஐசன்பெர்க். உங்கள் பத்தும் உங்கள் மூன்றும் ஒரே கைகளுக்குப் போயிருக்கின்றன.

அப்படியானால் எது மாறியது? யாருக்கு வலிக்கிறது என்பது மாறியது. ‘டின்னர் பார்ட்டி’யில் அடி விழுவது பெரியவர்கள் மேல். மைக்கேலும் ஜேனும் தாங்களே கட்டிய வீட்டில் தாங்களே மாட்டிக்கொண்டவர்கள். விருந்தாளிகளுக்கு ஒரு ராத்திரி பாழாகும், அவ்வளவுதான். ‘ஸ்காட்ஸ் டாட்ஸி’ல் அடி விழுவது, நம்பியதைத் தவிர வேறு தப்பே செய்யாத பிள்ளைகள் மேல். அவர்களுக்குப் போவது ஒரு ராத்திரி இல்லை, காலேஜ். சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிடுவது உங்கள் ரசனைக் குறைவால் வந்ததில்லை. நீங்கள் அந்தப் பிள்ளைகளையும் கதாபாத்திரங்களாக மதித்துப் பார்த்தீர்கள். மைக்கேலின் சங்கடத்துக்கான பின்னணியாக மட்டும் அவர்களைப் பார்க்க உங்களால் முடியவில்லை.

சிட்காம் என்னும் நகைச்சுவைத் தொடர்களை எடுப்பவர்களே இந்தக் கோட்டை எங்கே போடுவது என்று பல காலமாகத் திண்டாடியிருக்கிறார்கள். 1972 முதல் 1983 வரை ஓடிய ‘மேஷ்’ தொடர், போர்முனை மருத்துவமனையில் நடக்கும் கதை. அந்தக் கால வழக்கப்படி பதிவு செய்த சிரிப்புச் சத்தத்தை அதிலும் சேர்க்க வேண்டும் என்று சேனல் சொன்னது. எடுத்தவர்கள் போராடி ஒரு விஷயத்தில் ஜெயித்தார்கள். ஆபரேஷன் தியேட்டர் காட்சிகளில் மட்டும் சிரிப்புச் சத்தம் வராது. ஒரு மனிதன் உயிருக்குப் போராடும் இடத்தில், வசனம் எவ்வளவு வேடிக்கையாக இருந்தாலும், சிரி என்று யாரும் நமக்குச் சொல்லித்தரக் கூடாது என்று அவர்கள் நினைத்தார்கள்.

‘தி ஆஃபீஸி’ல் சிரிப்புச் சத்தமே கிடையாது. இதை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். 1951-இல் ‘ஐ லவ் லூசி’ பார்வையாளர்களை எதிரில் உட்கார வைத்து, மூன்று ஃபிலிம் கேமராக்களால் எடுக்கப்பட்ட காலத்திலிருந்து, சிட்காம் என்றால் கூடவே ஒரு கூட்டம் சிரிக்கும் என்பதுதான் பழக்கம். அந்தக் கூட்டம் நமக்கு ஒரு துணை. இது விளையாட்டுதான், பயப்படாதே என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தத் துணையை எடுத்துவிட்டால் சங்கடமான காட்சியில் நாம் தனியாக நிற்கிறோம். நீங்களோ உண்மையிலேயே தனியாக இருந்தீர்கள், ராத்திரியில், காதில் ஹெட்போனோடு. சிரிப்பை ஆராய்ந்த ராபர்ட் ப்ரொவைன் என்ற அமெரிக்க நரம்பியல் அறிஞர், மனிதர்கள் தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிடப் பிறரோடு இருக்கும்போது ஏறக்குறைய 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறார்கள் என்று கண்டார். உங்கள் அண்ணன் இதே எபிசோடை முதல் முறை பார்த்தது ஹாஸ்டலில், ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக் கத்திக்கொண்டு. உங்கள் மூன்றுக்கும் அவர் ஒன்பதுக்கும் நடுவில் இருக்கும் ஆறு மார்க்கில் எத்தனை மார்க் அந்த ஹாஸ்டல் அறைக்குச் சேர வேண்டியது என்று அவரிடமே கேட்டுப்பாருங்கள்.

சரி, அவர் பக்கம் வருகிறேன். அவருடைய ஒன்பதும் சும்மா வந்ததில்லை. அந்த வகுப்பறைக் காட்சி கட்டப்பட்டிருக்கும் விதத்தைக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். மைக்கேல் உள்ளே நுழைந்ததும் உண்மையைச் சொல்லியிருந்தால் அது ஒரு கெட்ட செய்தி, அவ்வளவுதான். அவன் சொல்லவில்லை. ஒரு நன்றிப் பேச்சு முடிகிறது, சொல்லவில்லை. பாட்டு, ஆட்டம், சொல்லவில்லை. ஒவ்வொரு கைதட்டலுக்கும் அவன் கடன் வட்டி மாதிரி ஏறுகிறது. நமக்கு அது தெரிகிறது, அவனுக்கும் தெரிகிறது, அந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் தெரியவில்லை. கடைசியில் காலேஜ் பணத்துக்குப் பதிலாக லேப்டாப் பேட்டரி தருகிறேன் என்கிறான். கம்ப்யூட்டர் கூட இல்லை, பேட்டரி! இவ்வளவு நேரம் இழுத்துக் கட்டிய கயிறு இந்த அற்பமான பொருளில் வந்து அறுவதுதான் அந்தக் காட்சியின் வேலைப்பாடு. எழுத்தாளர்கள் ஒரு இடத்தில்கூட மைக்கேலுக்குத் தப்பிக்க வழி விடவில்லை. உங்கள் அண்ணன் ஒன்பது கொடுத்தது இந்தத் துணிச்சலுக்கு என்று நினைக்கிறேன்.

இன்னும் ஒன்று, இந்த எபிசோடில் மைக்கேலின் நல்ல குணமும் வீண் பெருமையும் ஒரே செயலில் கலந்து கிடக்கின்றன. முதல் சீசனில் வெறும் ஆறு எபிசோடுகள் இருந்தன, நினைவிருக்கிறதா? அப்போது அவன் பிரிட்டிஷ் மூலத் தொடரின் மேனேஜருக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தான், மனதில் ஒட்டவில்லை. இரண்டாம் சீசனிலிருந்துதான் அவனை, அன்புக்கு ஏங்குகிற ஒருவனாக மாற்றினார்கள். அந்த ஏக்கம்தான் பத்து வருஷத்துக்கு முன்னால் அந்த வாக்கைக் கொடுக்க வைத்திருக்கும் என்று புரியும்போது, அவன்மேல் கோபமும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது.

ஆக, நீங்கள் இருவரும் போட்டது ஒரே கேள்விக்கான மார்க் இல்லை. சிட்காம் எபிசோட் என்பது 22 நிமிஷத்தில் தொடங்கி முடியும் ஒரு தனிக் கதை. அதே சமயம், வருஷக்கணக்காக நாம் பழகிவரும் மனிதர்களோடு கழிக்கும் ஒரு பொழுது. உங்கள் அண்ணன் கதை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்து மார்க் போட்டார். நீங்கள் அந்தப் பொழுது உங்களுக்கு எப்படிக் கழிந்தது என்று பார்த்துப் போட்டீர்கள். பல எபிசோடுகளில் இரண்டும் ஒரே பக்கம் சாய்வதால் வித்தியாசம் வெளியே தெரியாது. ‘டின்னர் பார்ட்டி’யில் தெரியவில்லை. ‘ஸ்காட்ஸ் டாட்ஸி’ல் இரண்டும் எதிரெதிராக இழுத்ததால் வெளியே வந்துவிட்டது. நூறு எபிசோடாக உங்கள் நோட்டுக்குள்ளேயே இருந்த விஷயம்தான்.

என் மார்க் என்ன என்று கேட்பீர்கள். ஏழு. வகுப்பறைக்கு நான் முழு மார்க் கொடுப்பேன். ஆனால் அதே நேரத்தில் ஆபீசில் ட்வைட் என்ற ஊழியன், கூட வேலை செய்யும் ஜிம்மை மாட்டிவிட நடத்தும் ‘மாதத்தின் சிறந்த ஊழியர்’ நாடகம் வேறொரு எபிசோடிலிருந்து வெட்டி ஒட்டியது போல இருக்கிறது. அங்கே போகும்போதெல்லாம் எனக்கு வேகம் விட்டுப்போகிறது. இதில் உங்கள் அண்ணனோடு நான் வாதாடத் தயார்.

அவர் சொன்ன சொல்லுக்கு வருகிறேன். எபிசோடைப் பற்றி எவ்வளவு காட்டமாக வேண்டுமானாலும் சண்டை போடலாம், அது ரசிகர்களின் உரிமை, அதில் ஒரு சுகமும் இருக்கிறது. ‘உனக்குப் புரியாது’ என்று சொன்ன நிமிஷத்தில் பேச்சு எபிசோடை விட்டு உங்கள்மேல் வந்துவிட்டது. அது தப்பு. அதுவும், எது நல்ல எபிசோட் என்று தீர்ப்புச் சொல்வதையே தொழிலாகக் கொண்டவர்கள் சறுக்கிய கதைகள் இந்தத் துறையில் நிறைய உண்டு. ‘சைன்ஃபெல்ட்’ தொடரில் மூன்று பேர் ஒரு சீன உணவகத்தில் மேஜைக்காகக் காத்திருப்பார்கள், எபிசோட் முழுக்க அவ்வளவுதான். ஒன்றுமே நடக்கவில்லையே என்று என்.பி.சி. சேனல்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. 1991 மே மாதம் ஒருவழியாக வெளிவந்தது. இன்று அந்தத் தொடரின் சிறந்த எபிசோடுகளைப் பேசினால் அதை விட்டுவிட்டுப் பேச முடியாது. ‘ஃப்ரெண்ட்ஸி’ல், செலவை மிச்சம் பிடிக்க ஒரே வீட்டுக்குள் முழு எபிசோடையும் எடுத்தார்கள், 1996-இல். விழாவுக்குக் கிளம்ப வேண்டும், யாருமே தயாராகவில்லை, இவ்வளவுதான் கதை. சிக்கனத்துக்காக எடுத்ததை ரசிகர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள்.

அப்புறம், மைக்கேல் போன பிறகு பார்க்கலாமா என்ற கேள்வி. கதையை உடைக்காமல் சொல்கிறேன். ரசிகர்களிடம் ‘சுறாவைத் தாண்டிவிட்டது’ என்று ஒரு வழக்கு உண்டு, ஒரு தொடர் தன் நல்ல காலத்தைக் கடந்துவிட்டது என்று அர்த்தம். 1977 செப்டம்பரில் ‘ஹாப்பி டேஸ்’ தொடரின் நாயகன் தண்ணீர் மேல் சறுக்கிப்போய் ஒரு சுறாமீனைத் தாண்டிய எபிசோடிலிருந்து வந்த சொல் அது. பலருக்குத் தெரியாதது, அதற்குப் பிறகும் அந்தத் தொடர் 1984 வரை ஓடியது. அந்த வருஷங்களிலும் அதை ஆசையோடு பார்த்தவர்கள் இருந்தார்கள். அமெரிக்க சேனல் தொடர்களில் வருஷத்துக்கு இருபது இருபத்தைந்து எபிசோடு எழுத வேண்டியிருக்கும், மேடு பள்ளம் இல்லாமல் இருக்காது. பிரிட்டனில் ‘ஃபால்ட்டி டவர்ஸ்’ மொத்தமே 12 எபிசோடுதான், 1975-இல் ஆறு, 1979-இல் ஆறு. அந்தச் சீரான தரத்தை 201 எபிசோடு ஓடிய ‘தி ஆஃபீஸி’டம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. எட்டாவது சீசன் தடுமாறுகிறது, அதில் உங்கள் அண்ணன் சொல்வது சரி. ஆனால் தொடரை உருவாக்கிய கிரெக் டேனியல்ஸ் ஒன்பதாவது சீசனில் மறுபடி பொறுப்பேற்றார். அதன் கடைசி எபிசோடுகளைப் பார்க்காமல் நிறுத்துவது, ஒன்பது சீசன் பழகியவர்களிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவது மாதிரி. நீங்கள் பாருங்கள். அவர் கூட வராவிட்டாலும் பாருங்கள்.

இப்போது அந்த அடைப்புக்குறிக்கு வருகிறேன்.

பாதி பார்த்த எபிசோடுக்கு மார்க் போட்டு, முழுக்கப் பார்த்தது போலப் பேசியிருக்கிறீர்கள். நிறுத்தியது தப்பே இல்லை. “என்னால் இதற்கு மேல் பார்க்க முடியவில்லை” என்று சொல்லியிருந்தால், அதுவே அந்த எபிசோடைப் பற்றிச் சொல்லக்கூடிய மிக வலுவான விமர்சனம். உங்கள் அண்ணனும் பதறிப்போய் ஏன் என்று கேட்டிருப்பார். நீங்கள் அதை மறைத்து மூன்று என்று மட்டும் சொன்னதால், அவர் முழு எபிசோடையும் பார்த்த ஒருவரோடு வாதாடுவதாக நினைத்துக்கொண்டார். அவர் பேச்சில் முடிவைப் பற்றி ஏதாவது வந்திருக்கும், நீங்கள் தட்டிக் கழித்திருப்பீர்கள். தன் தங்கை அந்த முடிவைக்கூட மதிக்கவில்லை என்று அவருக்குத் தோன்றியிருந்தால், அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. அதனால் அவர் சொன்னது சரியாகிவிடாது, ஆனால் புரிகிறது.

அந்த முடிவில் ஒரு கார்ப் பயணம் இருக்கிறது. பள்ளியிலிருந்து திரும்பும் வழியில், கூட வந்த ஆபீஸ் ரிசப்ஷனிஸ்ட் எரின், மைக்கேலிடம் அந்தப் பிள்ளைகளைப் பற்றி ஒரு விஷயம் சொல்வாள். என்ன என்று நான் எழுதப்போவதில்லை. உங்கள் மூன்று நாலாகுமா, ஆறாகுமா, அப்படியே நிற்குமா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அதைக் கேட்ட பிறகும் மூன்றுதான் என்றால் அந்த மூன்றை யாரும் அசைக்க முடியாது.

நோட்டை மூடிவிடாதீர்கள். மார்க்குக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் சிரித்தேன், எந்த இடத்தில் முடியவில்லை என்று ஆளுக்கொரு வரி. சண்டை வரத்தான் செய்யும், ஆனால் காட்சியைப் பற்றி வரும்.

போன் நீங்கள் செய்யுங்கள். அவர் சொன்னது வலித்தது என்பதையும் சொல்லுங்கள், மறைக்க வேண்டாம். ஆனால் முதல் வாக்கியமாக, “அண்ணா, அன்றைக்கு நான் முழுசாகப் பார்க்கவில்லை. மீதி இருக்கிறது, இந்தச் சனிக்கிழமை கூட இருந்து பார்க்கிறாயா?” என்று கேளுங்கள்.